வேலை நேரத்தில் நடக்காத பிள்ளைகள்

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் கண்ணைக் குத்தும் வெயில். இரண்டு மணிக்கு இடி, மூன்றுக்கு மழை. காயப் போட்ட துணி அத்தனையும் மறுபடி ஈரம். மல்லிகா அக்கா வானத்தைப் பார்த்து ஏசியதை இங்கே எழுத முடியாது.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இன்று பிள்ளைகள் முப்பத்தொரு பேர். போன மாதம் பத்தொன்பது. தேயிலைக் கொழுந்து அடித்துத் தள்ளுகிறது. லயத்து வீடுகளில் ஒரு பொம்பளை மிச்சமில்லை, எல்லாரும் மலையில், பிள்ளைகள் எங்களிடம். பள்ளிக்கூடமும் லீவு. ஆகவே கைப்பிள்ளைகளோடு அவர்களுடைய அக்காமார், அண்ணன்மாரும் என் தலையில். சமைக்க மல்லிகா அக்கா, மற்ற எல்லாவற்றுக்கும் நான்.

ஆனால் அந்த மலை! போன செவ்வாய் கொழுந்தெடுத்து மொட்டையாக விட்ட அதே மலை. இன்று பஸ் வளைவில் திரும்பும்போது பார்த்தால் மேலிருந்து கீழ்வரை இளம்பச்சை. ஏழே நாள். யார் போய் ஒவ்வொரு செடியாகத் தட்டி எழுப்பியது? பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு ஏப்ரலும் பார்க்கிறேன், ஒவ்வொரு ஏப்ரலும் வாயைப் பிளக்கிறேன். பக்கத்து சீட்டில் இருந்த மனுஷி, “என்னா டீச்சர், பல்லு வலியா?” என்று கேட்டாள்.

நாளைக்கு:
சவர்க்காரம்
பருப்பு (ம. அக்கா மூன்று தடவை சொல்லியாயிற்று)
தொட்டில் கயிறு
ரூபிக்கு சொக்ஸ்

ரூபி. பதினொரு மாதம் முடிந்து எட்டு நாள். உட்காரும் வாங்கைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கையை விட்டாள். இனிப் பத்து நாள், கூடினால் இரண்டு கிழமை. எனக்குத் தெரியும், இதுதானே என் தொழில். ஊரார் பிள்ளைகள் நாற்பது பேராவது முதல் அடி வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை வைப்பதையும் நான் பார்க்க வேண்டும். இந்த வருஷம் வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் யேசப்பா, இது ஒன்று.

அவளை மடுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. விடிய ஐந்து ஐம்பது பஸ், வீடு இருக்கும் அக்கரப்பத்தனையிலிருந்து தோட்டம்வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும், குளிர் வேறு. அதனால் வீட்டில் மதினியிடம். மதினி என்றால் என் வீட்டுக்காரர் அன்டனின் அக்கா, பிலோமினா. கல்யாணம் கட்டவில்லை. ரூபி பிறந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்.

சாயங்காலம் சொன்னேன். “மதினி, நான் இல்லாத நேரம் அவள நடக்க விட்றாதீங்க.”

“ஆமா, புள்ளயோட காலு ஒங்கிட்ட லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் நடக்கும். போடி அங்கிட்டு.”

ஏப்ரல் 8, புதன்

பருப்பு மறந்துபோயிற்று. ம. அக்கா இரண்டு மணிநேரம் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியாத காரியம் நடந்தது.

பத்து நாற்பது. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கொழுந்தெடுக்கிற கோகிலாவின் மகள் சஷ்மி சுவரைப் பிடித்து நின்றாள். பதின்மூன்று மாதம். பக்கத்தில் ஸ்டூலில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை, அவளுக்கு ஒரு கையால் தூக்க முடியாத பெரிய கோப்பை. இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்குவதற்காகச் சுவரை விட்டாள். விட்டதே அவளுக்குத் தெரியாது! கோப்பை மேலேயே கண். அதைத் தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று அடி வெயிலுக்குள் வந்தாள். நடுவில் நின்றாள். அப்போதுதான் தெரிந்தது போல. சுற்றிலும் பார்த்தாள், பிடிக்க ஒன்றும் இல்லை. அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது? பயம் இல்லை. சிரிப்பும் இல்லை. ‘ஓ, இப்படியா!’ என்று ஒரு பார்வை. பிறகு பொத்தென்று உட்கார்ந்தாள்.

முப்பது பிள்ளைகளும் சத்தம் போடவில்லை. எப்போதும் இப்படித்தான். ஒரு பிள்ளை முதலில் நடக்கும்போது மற்றப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். யார் சொல்லிக் கொடுத்ததோ. ம. அக்கா அகப்பையோடு வாசலில் நின்று அழுகிறார். எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. நாற்பது தடவை பார்த்தாலும் பழகவில்லை. பழகவும் வேண்டாம்.

பன்னிரண்டு மணிக்குக் கோகிலா பால் கொடுக்க வந்தாள். கொழுந்துப் பையின் தழும்பு தோளில், காலெல்லாம் அட்டைக்கடி. “புள்ள கொழப்படி பண்ணுனாளா டீச்சர்?” “இல்ல இல்ல, நல்லாத்தான் இருந்தா.” ம. அக்கா சட்டியைக் கழுவப் போய்விட்டார்.

நானும் ம. அக்காவும் வைத்திருக்கும் சட்டம் இது. எந்தப் பிள்ளை மடுவத்தில் முதலில் நடந்தாலும் அம்மாவிடம் சொல்லக் கூடாது. அவள் வீட்டில் பார்க்கட்டும். அதுதான் முதல் அடி என்று நினைக்கட்டும். மறுநாள் ஓடி வந்து “டீச்சர், பாப்பா நடந்துருச்சு!” என்பாள். நாங்கள் “அடியாத்தி! நெசமாவா?” என்போம். அவள் சொல்கிற திகதியை வளர்ச்சி அட்டையில் எழுதுவோம். அதுவரை அந்தக் கட்டம் வெறுமை. பகல் முழுக்க மலையில் நிற்கிறவளுக்கு இதையாவது விட்டு வைக்க வேண்டாமா. இது பொய்யென்றால் நான் பொய்க்காரிதான், ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதும் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

வெயில். பிற்பகல் மழை. பருப்பு வாங்கியாயிற்று.

மருத்துவிச்சி மிஸ் வந்தார். நிறை பார்த்தார், எல்லாருக்கும் பரவாயில்லை. பிறகு வளர்ச்சி அட்டைகளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

“ஜெனிட்டா, இது என்ன? ஞாயிறு. ஞாயிறு. போயா தவச, லீவு. தீபாவளி. இது பின்னேரம் ஆறு மணி. இந்தத் தோட்டம் புள்ளைங்க ஒருத்தர்கூட வேல நேரத்தில நடக்கல்லயே. மேக்க ஹரி புதுமய்னே!” சிங்களத்தில், புதுமையாக இருக்கிறதாம்.

“பகல்ல வெயில் மிஸ்” என்றேன். இதைவிட மொக்கையான பதில் எனக்கு வேறு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து சஷ்மி, கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அறையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும் நடந்து வந்து மிஸ்ஸின் வெள்ளைச் சாரியைப் பிடித்தாள். மிஸ் சஷ்மியின் அட்டையைப் பார்த்தார். கட்டம் வெறுமை. என்னைப் பார்த்தார். ம. அக்காவைப் பார்த்தார், ம. அக்கா கூரையைப் பார்த்தார். பிறகு மிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அட்டையை மூடினார். “ஹரி, ஹரி. சரி, அம்மா சொன்ன பொறகு எழுதுங்க.”

அவருக்கும் இரண்டு பிள்ளைகள், கண்டியில் பாட்டி வீட்டில்.

ரூபிக்கு சொக்ஸ் வாங்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

“டீச்சர்! பாப்பா ராத்திரி நடந்துட்டா! நாலு எட்டு!” விடியக்காலை ஆறரைக்குக் கோகிலா வாசலிலேயே கத்தினாள்.

“அடியாத்தி! நெசமாவா?” நான். “என் ராசாத்தி!” ம. அக்கா. இருவரும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே கத்திவிட்டோம். கோகிலா சிரித்தாள், எல்லாருக்கும் டொபி மிட்டாய் கொடுத்தாள், மலைக்கு ஓடினாள். அட்டையில் ஏப்ரல் 9 என்று எழுதினேன்.

பத்து மணிக்குத் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்தார். கொழுந்து முற்றிப்போகுமாம், ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கு ஆள் இறங்குமாம், மடுவம் திறக்க வேண்டுமாம். திங்களும் திறக்க வேண்டுமாம்.

“வருசப் பெருநாள் நேரங்க. எனக்கும் வீட்டுல கைப்புள்ள இருக்குங்க.”

“தெரியும் டீச்சர். ஆனா நீங்க தொறக்கலேன்னா முப்பது பொம்பளைங்க வர மாட்டாங்க. செவ்வா வருசப் பொறப்புக்கு முழு லீவு தாரேன், போங்க.”

சரி என்றுவிட்டேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

அன்டன் போன். வேன் ஓட்டம் நிறையவாம். நுவரெலியாவில் சீசன், கால் வைக்க இடமில்லையாம். குதிரையில் ஏறின கொழும்பு அம்மா ஒருவர் இறங்கப் பயந்து ஒரு மணிநேரம் மேலேயே இருந்தாராம். அன்டனும் செவ்வாய் ஒரு நாள்தான் வருவாராம். “ரூபி நடந்துட்டாளா?” என்றார். “நான் இல்லாம நடக்க மாட்டா” என்றேன். சொன்ன பிறகு சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பூசை இல்லை. மடுவம்.

இன்றைக்கு ஒன்று பார்த்தேன். இளம் அம்மா ஒருத்தி, முதல் பிள்ளை, அதற்கு நாலு மாதம். குழந்தை ஒன்பதே முக்காலுக்குப் பசித்து எழுந்து அழ ஆரம்பித்தது. அடுத்த பால் நேரம் பத்தரைதான். ஆள் அனுப்பலாம் என்று யோசிக்கிறேன், அவள் வாசலில் நிற்கிறாள். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருக்கிறது. மலை இங்கிருந்து இரண்டு வளைவு தாண்டி, இங்கே கத்தினாலும் அங்கே கேட்காது.

“எப்பிடிம்மா தெரியும்?”

“தெரியல டீச்சர். செடியில கைய வச்சேன், பால் ஊத்திருச்சு. கங்காணிகிட்ட சொல்லாமலே ஓடியாந்துட்டேன்.”

குழந்தை அழத் தொடங்கியதும் பால் சுரந்ததும் ஒரே நேரமாகத்தான் இருக்க வேண்டும். அவள் ஓடி வந்த தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. எந்தக் கம்பி வழியாகப் போகிறது இந்தச் செய்தி? நான் படித்தது சாதாரண தரப் பரீட்சைவரைதான். ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்களும் இதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஞாயிறு பூசை தவறியதற்கு மனம் சங்கடப்பட்டது, அதற்குப் பிறகு இல்லை.

ஆறே காலுக்கு வீடு. மதினி கேசரி கிண்டி வைத்திருந்தார். என்ன விசேஷம் என்றேன். “ஞாயித்துக் கெழம, வேறென்ன?” ரூபியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. “தரை ஐசு மாதிரி கெடக்குடி, சளி புடிக்கும்.” எனக்குக் கேசரி போதும், அப்படியே தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

இருபத்தெட்டுப் பேர். ஒன்றுக்கு வயிற்றோட்டம், ஒன்றுக்கு மூக்கில் பருப்பு. (எடுத்தாயிற்று.)

நாளைக்கு லீவு லீவு லீவு.

வீட்டில் இன்றும் ரூபி மதினி இடுப்பில்தான். என்னிடம் தந்தாலும் “மடியிலேயே வச்சுக்க, எறக்காத” என்கிறார். பாசம் முற்றிவிட்டது இந்த மனுஷிக்கு.

ஏப்ரல் 14, செவ்வாய். வருஷப் பிறப்பு.

நடந்துவிட்டாள்!

எழுதக் கை ஓடவில்லை. ஒழுங்காக எழுத வேண்டும், ஒன்றும் மறக்கக் கூடாது.

காலை எட்டுக்குப் பால் பொங்கினோம். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற ஆட்கள்தான், ஆனாலும் பக்கத்து வீடெல்லாம் பொங்கும்போது நாம் பொங்காமல் எப்படி. அன்டன் வந்து சேர்ந்தது ஏழரைக்கு, முகத்தில் தூக்கம். வெயில் முற்றத்தில் விழுந்தது. மதினி பாய் விரித்தார். ரூபியை வாங்கோடு சேர்த்து நிற்க வைத்தார். “ஜெனி, நீ அங்கிட்டு உக்காரு. டேய் அன்டன், போனக் கீழ வையி.”

நான் உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். என் கொலுசை, என் மூக்குத்தியை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாங்கை விட்டாள். விட்டுவிட்டு வந்தாள். புதுச் சட்டை மஞ்சள். ஆறு அடி. ஆறு! என் மடியில் விழாமல், முறுக்குத் தட்டைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பி, தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அன்டன் அழுதார், வேன் ஓட்டுகிற ஆம்பளை, தேம்பித் தேம்பி. மதினியும் கைதட்டினார், “அடியாத்தி, அடியாத்தி” என்றார்.

நாற்பது பிள்ளைகளைப் பார்த்தவள் என்று பெருமையடித்தேனே. ஒன்றையும் பார்க்கவில்லை போலிருக்கிறது. நான் உள்ளே வைத்துச் சுமந்த காலா அது? ஸ்கேனில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்த கால், போன வருஷம் என் விலாவில் உதைத்த கால். அது தரையை மிதித்து, இந்தப் பூமி என்னைத் தாங்கும் என்று நம்பி என்னிடம் வந்தது. யேசப்பா, கேட்டேன், தந்தீர். இனி ஒன்றும் கேட்க மாட்டேன்.

(கேட்பேன். ஆனால் இன்றைக்கு இல்லை.)

ஏப்ரல் 15, புதன்

மேகம். மழையில்லை. பிள்ளைகள் பதினாறு மட்டும், மற்றவர்கள் பெருநாள் மயக்கம். ம. அக்காவிடம் மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் கேட்டார்.

மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததுதான் தப்பு.

முதல் நாள் நடக்கிற பிள்ளை திரும்பாது.

முன்னால் மட்டும்தான் போகும். திரும்பப் பார்த்தால் விழும். கையைத் தோளுக்கு மேலே தூக்கி வைத்திருக்கும். இரண்டு அடி, மூன்று அடி, பொத். திரும்பப் பழக இரண்டு நாளாவது வேண்டும். நாற்பது பிள்ளைகள் எனக்குச் சொல்லித் தந்த பாடம் இது. ரூபி நேற்று முறுக்குத் தட்டுக்குத் திரும்பினாள். கை இடுப்புக்குக் கீழே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கேசரி. இரண்டு நாளாக இடுப்பிலிருந்து இறக்காதது. “நீ அங்கிட்டு உக்காரு.”

மதினிக்கு இந்த மறைக்கிற வித்தை எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் வேண்டாம். மடுவத்துக் கதையெல்லாம் சோற்றுக்கு உட்காரும்போது கொட்டினது என் வாய்தானே.

பஸ்சில் அழுதேன். பக்கத்து சீட்டு மனுஷி, “பல்லு இன்னும் சரியாகலியா?” என்றாள்.

ஏப்ரல் 16, வியாழன்

காலையில் மதினியிடம் நானாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. “ஏண்டி, மொகம் தொங்கிக் கெடக்கு?” “தலவலி.” “மாத்திர தரவா?” “வேணாம்.”

ரூபி வீடு முழுக்க நடக்கிறாள். அழகு. கோபத்தோடு பார்த்தாலும் அழகு. அதுதான் இன்னும் எரிச்சல்.

பொறாமை என்று எழுதிவிடுகிறேன், இது யாரும் படிக்காத புத்தகம்தானே. மதினிக்குக் கிடைத்தது முதல் அடி. எனக்குக் கிடைத்தது மறு ஒளிபரப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் யாரோ பெற்ற பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்டாக்கையாவிடம் முடியாது என்று சொல்லியிருந்தால்? சொல்லவில்லையே. மலையில் அந்த முப்பது பேரும் என்னைப் போலத்தானே நிற்கிறார்கள் என்று நினைத்தால் யாரைக் கோபிப்பது என்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

பேய் மழை. நாலரைக்கு எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படங்குச் சாக்கைத் தலையில் போட்டு ஓடிவிட்டார்கள். கோகிலா மட்டும் மழை விடட்டும் என்று வாங்கில் உட்கார்ந்தாள். சஷ்மி அவள் காலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

எனக்கு வாய் அடங்கவில்லை. “கோகிலா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா? சஷ்மி ஒங்க வீட்டுல மொத மொத நடந்தப்ப, ஒனக்கு ஒரு சந்தேகமும் வரலையா?”

அவள் சிரித்த சிரிப்பு! ம. அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? அன்னைக்குப் பகலு நா பால் குடுக்க வந்தப்பவே ஒங்க மொகத்துல எழுதி ஒட்டியிருந்துச்சு. அக்கா வேற ஒரே சட்டிய ரெண்டு தடவ கழுவுனாங்க.”

“அப்ப ஏன்டி காலையில வந்து அப்பிடிக் கத்துன?”

“நீங்க ரெண்டு பேரும் அம்புட்டு ஆசயா அடியாத்தின்னு கத்துறீங்க. கெடுப்பானேன்? மலையில எல்லாப் பொம்பளைங்களுக்கும் தெரியும் டீச்சர். எம்மூத்தவன் நடந்தப்பவும் தெரியும். நீங்களும் சொல்ல மாட்டீங்க, நாங்களும் கேக்க மாட்டோம்.”

பன்னிரண்டு வருஷம். நாங்கள் அவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோம். அந்த மலை முழுக்க நிற்கிற பெண்கள், ஒருத்தி விடாமல், எங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மழையிலும் வெயிலிலும் கொழுந்தெடுத்துவிட்டு, இறங்கி வந்து, எங்கள் சந்தோஷத்துக்காக நடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷிகளுக்கு நடுவில் வேலை செய்கிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

கோகிலா சஷ்மியைத் தூக்கி மடியில் வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. “ஆனா டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. பாக்கத்தான் குடுத்து வைக்கல. கேக்கவாச்சும் வைக்கக் கூடாதா?”

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எப்பிடி நடந்தா? சொல்லுங்களேன்.”

சொன்னேன். வெயில், ஸ்டூல், கோப்பை, சுவரை விட்டது. ம. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நான் விட்டதையெல்லாம் சொன்னார். கோகிலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “எந்தக் காலு மொதல்ல?” இடது கால். “அழுதாளா?” இல்லை. “மத்தப் புள்ளைங்க?” அந்த அமைதியைச் சொன்னேன். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கவே இல்லை. “திரும்பச் சொல்லுங்க” என்றாள். திரும்பச் சொன்னோம். மழை விட்டது எங்களுக்குத் தெரியாது.

ஒன்பது நாளாக அதை நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறேன். சொல்லி முடித்ததும் எனக்குள் அத்தனை லேசு. இவ்வளவு வருஷமும், பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பது இவ்வளவு கனம் என்று எனக்கே தெரியவில்லை. எனக்காவது ம. அக்கா இருந்தார்.

மதினிக்கு யார் இருந்தார்கள்?

ஏப்ரல் 18, சனி

அரை நாள் வேலை. இரண்டரைக்கு வீடு. வெயில், வாசலில் துணி, ரூபி ஒற்றைச் செருப்போடு.

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் பையைக்கூட வைக்கவில்லை, எதிரில் உட்கார்ந்தேன்.

“மதினி, ஞாயித்துக் கெழம எப்பிடி நடந்தா?”

கத்தி நின்றது. “எந்த ஞாயிறு?” என்றார். என் முகத்தைப் பார்த்தார். “நீ கண்டுபுடிச்சுருவன்னு தெரியும்” என்றார். “திரும்பிட்டாள்ல. படுபாவி முறுக்கு.”

“கோவமில்ல மதினி. இருந்துச்சு. இப்ப இல்ல. சொல்லுங்க.”

“அன்டனுக்குக்கூட நா சொல்லலடி. சத்தியமா.”

“தெரியும். சொல்லுங்க.”

முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். பதினொரு மணி. கோயிலிலிருந்து வந்து சாரிகூட மாற்றவில்லை. அவர் குசினி வாசலில் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். புகை. பின்னால் சத்தமில்லை. பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் ஆபத்து என்று திரும்பினார். ரூபி வாங்கை விட்டு இரண்டடி இந்தப் பக்கம் நின்றாள், கையை மேலே தூக்கிக்கொண்டு.

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். வெங்காயத் தோல் மடியிலிருந்து கொட்டியது. ரூபியைத் தூக்கி அதே இடத்தில் நிறுத்தினார், தான் வாசலில் போய்க் குனிந்து காட்டினார். நாற்பத்தேழு வயது மனுஷி, முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதவர், தரையில் மண்டியிட்டுவிட்டார்.

“அப்பறம்?”

“அப்பறம்...” வெங்காயக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். “நீ வருத்தப்படுவ.”

“சொல்லுங்க மதினி.”

“நா கூப்புடவே இல்லடி. அவளா வந்தா. மூணு எட்டு. வந்து, இந்தா, இந்தச் சாரிய இப்பிடி இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. எங்கிட்ட வந்தாடி. நா யாரு அவளுக்கு? எங்கிட்ட வந்தா.”

வருத்தம் வரும் என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்சம் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், வந்தது போய்விட்டது. சஷ்மி முகத்தில் பார்த்ததைவிடப் பெரிய ஆச்சரியம் அந்த முகத்தில். இந்த மனுஷியை இத்தனை வருஷத்தில் ஒருவரும் தேடி நடந்து வந்ததில்லை. என் பிள்ளை போயிருக்கிறாள். போகட்டும் என் தங்கம். நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறாள்.

தேத்தண்ணி போட்டேன். வெங்காயத்தை நானே உரித்து முடித்தேன். மதினி கண் கழுவிவிட்டு, என்னைக் கேட்காமலே என் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். இதை எழுதும்போது ஜன்னல் வழியாகக் கேட்கிறது. அன்டன் வேனை எங்கேயோ ஓரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

“இல்லடா, செவ்வாக் கெழம இல்ல. அதுக்கு மொத ஞாயிறு. ஆமா. அவளுக்குத் தெரியும், அவதான் என்னையச் சொல்ல வச்சா. நீ கேளு மொதல்ல, நடுவுல பேசாத. நா அடுப்ப ஊதிக்கிட்டு இருக்கேன். திரும்பிப் பாக்குறேன். எங்கிட்டடா. ஆமாடா, எங்கிட்ட.”